டெஸ்க்டாப் பிராசசரா, சர்வர் பிராசசரா? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிஸ்டம் அசெம்பிள் செய்து கொடுப்பதும் சின்ன ஆபீஸ்களுக்கு நெட்வொர்க் போட்டுக் கொடுப்பதும்தான் என் வேலை. சென்னை ரிச்சி தெருவுக்குக் கிளம்பும் முன் போன் செய்பவர்கள் பாதி, வாங்கி வந்த பிறகு போன் செய்பவர்கள் மீதி. சந்தேகம் என்னவோ ஒன்றேதான். ஒவ்வொருவருக்கும் வாய்ஸ் நோட் போட்டு மாளவில்லை, அதனால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன். விலை எதுவும் போடவில்லை, போட்டால் அடுத்த வாரமே பழசாகிவிடும்.

சர்வர் பிராசசர் சர்வர் பிராசசர்னு சொல்றாங்களே, அதுல அப்படி என்னதான் இருக்கு?

டெஸ்க்டாப்புக்கு இன்டெல் கோர், ஏஎம்டி ரைசன். சர்வருக்கு இன்டெல் ஜியான், ஏஎம்டி எபிக். கடையில் காதில் விழும் பெயர்கள் பெரும்பாலும் இவைதான். ஜியான் என்ற பெயர் 1998இலிருந்தே இருக்கிறது, எபிக் 2017இல் வந்தது.

உள்ளே கணக்குப் போடும் கோர் பல சமயம் ஒரே வகைதான். ஏஎம்டி ரைசனுக்கும் எபிக்குக்கும் ஒரே மாதிரிச் சில்லுகளைத்தான் பயன்படுத்துகிறது. ரைசனில் ஒன்றோ இரண்டோ இருக்கும், பெரிய எபிக்கில் பன்னிரண்டு, பதினாறு என்று போகும். வேறுபடுவது கோரைச் சுற்றியுள்ள ஏற்பாடு. ரைசன் 9 9950எக்ஸில் 16 கோர், ராமோடு டேட்டா போய்வர 2 சேனல் (தனித்தனிப் பாதை), கிராபிக்ஸ் கார்டுக்கும் எஸ்எஸ்டிக்கும் 24 பிசிஐஇ லேன் (அவற்றோடு பேசும் பாதை). எபிக் 9654இல் 96 கோர், ராமுக்கு 12 சேனல், 128 லேன், 6 டிபி வரை ராம். இவ்வளவு ராமும் இவ்வளவு லேனும் உங்களுக்கு எதற்கு என்று சொல்லத் தெரிந்தால் சர்வர் பிராசசர் பக்கம் போங்கள், தெரியவில்லை என்றால் பெரும்பாலும் தேவையே இல்லை.

விலை அவ்ளோ இருக்கே, அப்போ வேகமாத்தானே இருக்கணும் அண்ணா?

ஒரு கோரை மட்டும் எடுத்துப் பார்த்தால் பல நேரம் டெஸ்க்டாப்தான் வேகம். 9950எக்ஸ் 5.7 கிகாஹெர்ட்ஸ் வரை ஏறும். மேலே சொன்ன எபிக் 9654 ஏறுவதே 3.7 வரைதான். காரணம் மின்சாரமும் சூடும். எபிக்கின் 360 வாட்டை 96 கோருக்குப் பிரித்தால் ஆளுக்கு நாலு வாட்கூட வராது, ரைசனின் 170 வாட்டை 16 கோருக்குப் பிரித்தால் பத்து வாட்டுக்கு மேல் கிடைக்கிறது. (ராமையும் லேனையும் கவனிக்கும் சில்லுக்கும் அதில் ஒரு பங்கு போகும், கணக்கு தோராயம்தான்.) கூடுதல் மின்சாரம் கிடைக்கிற கோர் வேகமாக ஓடுகிறது, அவ்வளவே.

ஆகவே விண்டோஸைத் திறப்பது, பிரவுசர், எக்செல், போட்டோஷாப், ஆட்டோகேடில் வரைவது, இவற்றில் எல்லாம் விலை உயர்ந்த சர்வர் பிராசசர் மந்தமாகத்தான் தெரியும். காசைக் கொட்டிவிட்டு "ஸ்லோவா இருக்கு சார்" என்று வருபவர்கள் உண்டு, அவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

சரி, கோர் எத்தனைன்னு பார்த்து வாங்கினா போதாதா? 14 கோர் 6 கோரைவிடப் பெருசுதானே?

பத்து தோசைக்கல் இருந்தால் ஒரே நேரத்தில் பத்து தோசை வரும், ஆனால் ஒரு தோசை பத்தில் ஒரு பங்கு நேரத்தில் வெந்துவிடாது. உங்கள் மென்பொருள் வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுத்தால்தான் கோர் எண்ணிக்கைக்கு அர்த்தம். 3டி ரெண்டரிங், பெரிய நிரலைக் கம்பைல் செய்வது, ஒரே பெட்டிக்குள் மென்பொருளாலேயே பத்து தனித்தனிக் கணினி (மெய்நிகர் கணினி, விஎம்) ஓட்டுவது, இதெல்லாம் நன்றாகப் பிரியும். அலுவலக மென்பொருள் முக்கால்வாசி பிரியாது.

இதற்கு ஆம்டால் விதி என்று 1967இலிருந்தே ஒரு கணக்கு இருக்கிறது. வேலையில் பத்தில் ஒரு பங்கு பிரிக்க முடியாததாக இருந்தால், நீங்கள் நூறு கோர் போட்டாலும் ஆயிரம் கோர் போட்டாலும் மொத்த வேகம் பத்து மடங்கைத் தாண்டாது. அப்புறம் இன்னொன்று, ஒரு தலைமுறைக் கோரும் அடுத்த தலைமுறைக் கோரும் சமமில்லை. இதற்கு உதாரணம் கீழே பழைய ஜியான் கேள்வியில் வரும்.

எங்க ஆபீஸ்ல பதினஞ்சு பேரு சார், டேலியும் ஃபைல் ஷேரிங்கும்தான். சர்வர் வாங்கியே ஆகணும்னு சொல்றாங்க, நிஜமா?

சர்வர் என்ற வேலையைச் செய்ய ஒரு பெட்டி வேண்டும், அது நிஜம். அந்தப் பெட்டிக்குள் ஜியான் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. பதினைந்து பேர் ஃபைல் எடுத்து வைக்கவும் டேலி டேட்டா ஓரிடத்தில் இருக்கவும் இன்றைய கோர் ஐ5 அல்லது ரைசன் 5, 32 ஜிபி ராம், நல்ல என்விஎம்இ எஸ்எஸ்டி போதும். இங்கே வேகத்தைத் தீர்மானிப்பது ஒற்றைக் கோர் வேகமும் டிஸ்க்கும் நெட்வொர்க் கேபிளும்தான். பழைய 100 எம்பி ஸ்விட்ச் ஒன்று மேசைக்கடியில் தூசி படிந்து கிடக்கும், அதை மாற்றினாலே பாதிப் புகார் நின்றுவிடும்.

விண்டோஸ் 11 ப்ரோவில் ஃபைல் ஷேரிங்குக்கு ஒரே நேரத்தில் 20 கருவிகள் வரை இணையலாம். பதினைந்து பேர் என்றால் அதற்குள் அடங்கும், ஆனால் ஆட்கள் கூடப்போகிறார்கள் என்றால் விண்டோஸ் சர்வரோ லினக்ஸோ யோசிக்க வேண்டும். மிச்சமாகும் பணத்தில் முதலில் ஒரு நல்ல யூபிஎஸ், பேக்கப்புக்கு இரண்டு ஹார்ட் டிஸ்க், அதில் ஒன்று ஆபீஸுக்கு வெளியே. பெட்டியைத் தரையில் வைக்காதீர்கள். 2015 டிசம்பரையும் 2023 மிக்ஜாமையும் பார்த்த ஊருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

24 மணி நேரமும் ஓடணும். டெஸ்க்டாப் பிராசசர் தாங்குமா, சூடாகிச் செத்துடுமா?

தாங்கும். ஐரோப்பாவில் ஹெட்ஸ்னர் போன்ற ஹோஸ்டிங் நிறுவனங்கள் ரைசன் டெஸ்க்டாப் பிராசசர் போட்ட இயந்திரங்களையே சர்வராக வாடகைக்கு விடுகின்றன, அவை இரவு பகலாக ஓடுகின்றன. எந்தக் கணினியிலும் பிராசசர் கடைசியாகச் சாகும் பாகங்களில் ஒன்று. அதற்கு முன்னால் பவர் சப்ளை போகும், ஃபேன் போகும், டிஸ்க் போகும், ராம் தகராறு செய்யும்.

விதிவிலக்கு ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. இன்டெல் 13ஆம், 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்களில், குறிப்பாக ஐ7, ஐ9 வகைகளில், மின்னழுத்தக் கோளாறால் காலப்போக்கில் கிராஷ் ஆகும் பிரச்சினை வந்தது. 2024இல் இன்டெலே ஒப்புக்கொண்டு, பயாஸ் (போர்டிலேயே இருக்கும் தொடக்க மென்பொருள்) வழியாகத் திருத்தம் கொடுத்து, உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டு நீட்டியது. அந்தத் தலைமுறையை வைத்திருப்பவர்கள் முதலில் பயாஸைப் புதுப்பியுங்கள். ஏற்கெனவே பழுதான பிராசசர் அப்டேட்டால் சரியாகாது, மாற்றத்தான் வேண்டும்.

சர்வர் பெட்டிகள் நிற்காமல் ஓடுவதற்குப் பிராசசர் மட்டும் காரணமில்லை. இரண்டு பவர் சப்ளை, ஓடும்போதே கழற்றி மாற்றக்கூடிய டிஸ்க், தவறைத் தானே திருத்தும் ஈசிசி ராம், தூரத்திலிருந்தே ஆன் ஆஃப் செய்ய ஐபிஎம்ஐ என்று எல்லாம் சேர்ந்துதான். ஆபீஸ் அம்பத்தூரில், நீங்கள் இருப்பது தாம்பரத்தில், ராத்திரி இரண்டு மணிக்குப் பெட்டி தொங்கிவிட்டது என்றால் ஐபிஎம்ஐயின் அருமை தெரியும். வீட்டிலிருந்தபடியே திரையைப் பார்த்து, பயாஸ் வரை போய், ரீஸ்டார்ட் செய்யலாம்.

ஈசிசி ராம் இல்லன்னா டேட்டா கெட்டுப்போகும்னு பயமுறுத்துறாங்களே?

பயம் முழுப் பொய்யுமில்லை. ராமில் எப்போதாவது ஒரு பிட் தானாக மாறும், 0 இருந்த இடத்தில் 1 வரும். ஈசிசி ராம் ஒரு பிட் தவறினால் அதைத் திருத்திவிடும், இரண்டு பிட் தவறினால் தவறு என்று சொல்லி நிறுத்தும். கூகுளும் டொரொன்டோ பல்கலைக்கழகமும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், கூகுளின் சர்வர்களில் இருந்த ராம் குச்சிகளில் 8 சதவீதத்துக்கு மேல் ஓர் ஆண்டில் ஒரு முறையாவது பிழை காட்டின. அதில் பெரும் பங்கு திரும்பத் திரும்ப ஒரே குச்சிகளில் வந்தவை, அதாவது பழுதான குச்சிகள். ஈசிசி இருந்தால் அந்தக் குச்சி எது என்று லாகில் எழுதிக் காட்டிவிடும், இல்லையென்றால் மாதக்கணக்கில் விண்டோஸைத் திட்டிக்கொண்டிருப்போம்.

கேம் ஆடும் கணினியில் இது தேவையில்லை. கணக்கு வழக்கு, நோயாளி விவரம், பல ஆண்டு சேமிப்பு என்று ஒரு எழுத்து மாறினாலும் யாருக்கும் தெரியாமல் போய்விடக்கூடிய டேட்டா என்றால் நான் ஈசிசி போடச் சொல்வேன்.

அப்போ ஈசிசிக்காகவே ஜியான் வாங்கணுமா? டிடிஆர்5லயே ஈசிசி இருக்குன்னு கடைக்காரர் சொன்னாரே?

டிடிஆர்5 சில்லுக்குள்ளேயே ஒரு திருத்தும் ஏற்பாடு இருப்பது உண்மை. அது சில்லின் உள்ளே நடக்கும் தவறுக்கு மட்டும். குச்சியிலிருந்து பிராசசருக்கு வரும் வழியில் நடக்கும் தவறு அதற்குத் தெரியாது, இயங்குதளத்துக்குத் தகவலும் சொல்லாது. மேலே நான் சொன்ன ஈசிசி அதுவல்ல.

முழு ஈசிசி டெஸ்க்டாப்பிலேயே கிடைக்கும். ரைசனில் பெரும்பாலானவை தாங்கும், போர்டும் தாங்க வேண்டும், போர்டின் இணையப் பக்கத்தில் ஈசிசி பயன்முறை என்று தெளிவாக எழுதியிருக்கிறதா பாருங்கள். 5600ஜி போன்ற சில மாடல்கள் தாங்காது. இன்டெலில் 12 முதல் 14ஆம் தலைமுறை வரை டபிள்யூ680 சிப்செட் போர்டு வேண்டும், சாதாரண பி760, இசட்790இல் நடக்காது. டெஸ்க்டாப்புக்கும் சர்வருக்கும் நடுவில் ஏஎம்டி 2024இல் எபிக் 4004 என்று ஒரு வரிசை விட்டது. அது ரைசன் போலவே ஏஎம்5 சாக்கெட்டில் உட்காரும், 16 கோர் வரை, ஈசிசிக்கு அதிகாரபூர்வ உத்தரவாதம். பெயர் மட்டும் எபிக், குணமெல்லாம் ரைசன். சின்ன ஆபீஸ் சர்வருக்கு எனக்குப் பிடித்தது இதுதான், கிடைப்பதுதான் கஷ்டம், ஆர்டர் கொடுத்துக் காத்திருக்க வேண்டியிருக்கும்.

சர்வர்ல இருந்து கழட்டின ராம் சல்லிசா கிடைக்குது. என் பிசியில சொருகலாமா?

கூடாது. அவை பெரும்பாலும் ஆர்டிம் வகை, ராமின் நடுவில் ஒரு ரெஜிஸ்டர் சில்லு இருக்கும். டெஸ்க்டாப் யூடிம் வகையை மட்டும்தான் ஏற்கும். டிடிஆர்4இல் வெட்டு ஒரே இடத்தில் இருப்பதால் சொருகினால் சரியாக உட்காரும், ஆனால் திரையே வராது. டிடிஆர்5இல் வெட்டை மாற்றிவிட்டார்கள், உள்ளேயே போகாது. முந்தைய பதிலில் சொன்ன டெஸ்க்டாப் ஈசிசிக்கு "ஈசிசி யூடிம்" என்று கேட்டு வாங்க வேண்டும்.

கல்யாண வீடியோ எடிட்டிங் பண்றேன். எடிட்டிங்குக்கு ஜியான்தான் பெஸ்ட்னு ஃப்ரெண்ட் சொல்றான்.

உங்கள் நண்பர் பத்து வருடத்துக்கு முந்தைய கதையைச் சொல்கிறார். இப்போது கேமராவிலிருந்து வருவது எச்.264, எச்.265 கோப்புகள். அவற்றை டைம்லைனில் தடங்கல் இல்லாமல் ஓட்டுவது பிராசசருக்குள் இருக்கும் வீடியோ பகுதி, இன்டெலில் அதற்குக் குயிக் சிங்க் என்று பெயர். 11ஆம் தலைமுறையிலிருந்து வந்த இன்டெல் கிராபிக்ஸ், நிற விவரம் அதிகமுள்ள 4:2:2 10 பிட் எச்.265ஐயும் நேரடியாகப் பிரிக்கும். சோனி, கேனான் புதிய கேமராக்களில் எடுப்பவர்களுக்கு இதுதான் உயிர். பெரிய ஜியானிலும் எபிக்கிலும் உள்ளமைந்த கிராபிக்ஸே கிடையாது, டெஸ்க்டாப்பிலும் பெயர் எஃப் என்று முடியும் கோர் பிராசசர்களில் கிடையாது.

அதனால் கோர் ஐ7, எஃப் இல்லாதது, 64 ஜிபி ராம், நடுத்தரக் கிராபிக்ஸ் கார்டு. அந்தப் பட்ஜெட்டில் பழைய ஜியான் வாங்கியவர் எடிட்டிங்குக்கான சின்ன நகல் (ப்ராக்ஸி கோப்பு) தயாராகும் வரை டீ குடித்துக்கொண்டிருப்பார். முகூர்த்த சீசனில் வரிசையாக ஆர்டர் நிற்கும்போது அது சரிப்படாது.

கேமுக்கு?

டெஸ்க்டாப். ரைசன் 7 9800எக்ஸ்3டி போன்ற எட்டுக் கோர் பிராசசர் போதும். கேமுக்கு 96 கோரில் 88 கோர் தூங்கும்.

யூடியூப்ல 14 கோர் ஜியான், எக்ஸ்99 போர்டு, ராம் எல்லாம் சேர்த்து காம்போ காட்டுறாங்க. செம டீலா இருக்கே, வாங்கலாமா?

அதிகம் வரும் கேள்வி இதுதான், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். அந்தக் காம்போவில் வருவது பெரும்பாலும் ஜியான் ஈ5-2680 வி4. 2016இல் வந்தது, 14 கோர், 2.4 கிகாஹெர்ட்ஸ், உச்சம் 3.3. டேட்டா சென்டர்களில் பல வருடம் ஓடிக் கழித்துக்கட்டியவை. பிராசசர் நல்லதுதான், கெட்டுப்போயிருக்க வாய்ப்பு குறைவு. ஆனால் 2022இல் வந்த சாதாரணக் கோர் ஐ5-12400 ஆறே கோரை வைத்துக்கொண்டு மொத்த வேலையில் இதற்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது, ஒற்றைக் கோர் வேகத்தில் ஏறத்தாழ இரண்டு மடங்கு. மேலே கோர் எண்ணிக்கைக் கேள்வியில் சொன்ன தலைமுறை வித்தியாசம் இதுதான்.

பிரச்சினை போர்டில். அந்த எக்ஸ்99 போர்டுகள் பல பெயர் தெரியாத சீனத் தயாரிப்புகள், பழைய சிப்செட்டைக் கழற்றி மறுபடி பொருத்தியவையும் உண்டு. ஸ்லீப் போட்டால் எழாது, பயாஸ் அப்டேட் வராது, பழுதானால் ரிச்சி தெருவில் யாரிடம் கொண்டுபோய் நீட்டுவது? இந்தப் பிராசசர் மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் 11 பட்டியலில் இல்லை. குறுக்கு வழியில் நிறுவலாம், வேலையும் செய்யும், ஆனால் அதிகாரபூர்வ ஆதரவு இல்லை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது.

யாருக்கு இது சரி? லினக்ஸ் தெரிந்தவர், 128 ஜிபி ராம் குறைந்த செலவில் வேண்டும், மெய்நிகர் கணினிகளை வைத்துப் படிக்க வேண்டும், போர்டு போனால் தலையில் கை வைக்கமாட்டார் என்றால் வாங்கலாம். காலேஜ் பையனுக்கு முதல் கணினியாக இதை வாங்கிக் கொடுக்காதீர்கள்.

கரண்ட் பில் எவ்ளோ வரும்?

100 வாட் அதிகமாக இழுக்கும் பெட்டி 24 மணி நேரமும் ஓடினால் நாளுக்கு 2.4 யூனிட். நம் ஈபி பில் இரண்டு மாதக் கணக்கு, ஆக 144 யூனிட். வீட்டு இணைப்பில் 500 யூனிட்டைத் தாண்டினால் ஸ்லாபே மாறுகிறது என்பதால், கோடையில் ஏசி போடும் வீட்டில் இந்த 144தான் உங்களை அந்தப் பக்கம் தள்ளிவிடும்.

இரண்டு பிராசசர் உள்ள பழைய சர்வர் சும்மா இருக்கும்போதே 100 வாட்டுக்கு மேல் இழுப்பது சாதாரணம். புது டெஸ்க்டாப் சும்மா இருக்கும்போது அதில் பாதிகூட இழுக்காது. பழைய சர்வரைக் குறைந்த விலைக்கு வாங்கி மிச்சம்பிடித்த காசு இரண்டு மூன்று வருடத்தில் ஈபி ஆபீஸுக்குப் போய்ச் சேரும்.

ரேக் சர்வர் ஒண்ணு செகண்ட்ஸ்ல வருது, பெட்ரூம்ல வெச்சுக்கலாமா?

ரேக்கில் ஒரு தட்டு உயரமே உள்ள 1யூ பெட்டிக்குள் இருப்பவை 40 மில்லிமீட்டர் குட்டி ஃபேன்கள், நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் சுற்றும். ஆன் செய்த முதல் நிமிடம் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். டவர் சர்வர் என்றால் பரவாயில்லை.

சத்தத்தைவிட நம் ஊரில் சூடுதான் விஷயம். டேட்டா சென்டருக்கு உள்ளே போகும் காற்று 18 முதல் 27 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பது ஆஷ்ரே அமைப்பின் பரிந்துரை. மே மாதம் மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறையில் ராத்திரிகூட அந்த அளவு வராது. ஃபேன் முழு வேகத்தில் ஓடும், பிராசசர் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம் என்றால் உப்புக் காற்று வேறு. ஏசி அறையின் ஓரத்தில், ஜன்னலிலிருந்து தள்ளி வையுங்கள், தூசியை அடிக்கடி ஊதி எடுங்கள். டெஸ்க்டாப்புக்கும் இதேதான்.

ரெண்டு பிராசசர் போர்டு வாங்கினா ரெண்டு மடங்கு வேகம்தானே?

கோர் கேள்வியில் சொன்ன கணக்கு இங்கேயும் உண்டு, அதற்கு மேல் இன்னொரு சிக்கல். ராமில் பாதி முதல் பிராசசரோடு, பாதி இரண்டாவதோடு ஒட்டியிருக்கும். முதல் பிராசசரில் ஓடும் நிரலுக்கு இரண்டாவதிடம் உள்ள ராம் வேண்டுமென்றால் சுற்றி வர வேண்டும், தாமதமாகும். இதை நூமா என்பார்கள். டேட்டாபேஸ், மெய்நிகர் கணினி மென்பொருள்கள் இதைப் புரிந்து நடந்துகொள்ளும், சாதாரண நிரல்கள் நடந்துகொள்ளாது, சில நேரம் ஒற்றைப் பிராசசரைவிட மெதுவாகக்கூட ஓடும்.

"இப்போ ஒண்ணு போடுறேன், பிறகு இன்னொண்ணு போடுறேன்" என்று வாங்குபவர்கள் கவனிக்க: இரண்டாவது சாக்கெட் காலியாக இருக்கும் வரை அதைச் சேர்ந்த ராம் ஸ்லாட்டுகளும் அதோடு இணைந்த பிசிஐஇ ஸ்லாட்டுகளும் வேலை செய்யாது. விண்டோஸ் ஹோம் ஒரு பிராசசரைத்தான் பயன்படுத்தும், ப்ரோ இரண்டு வரை.

நான் டெவ்ஆப்ஸ் படிக்கிறேன், வீட்டுல விஎம் லேப் போடணும். இதுக்காவது சர்வர் பிராசசர் வேணும்ல?

விஎம் லேபில் முதலில் தீர்வது ராம், கோர் பிறகுதான். பத்து விஎம், ஆளுக்கு 4 ஜிபி என்றால் 40 ஜிபி. 64 ஜிபி உள்ள டெஸ்க்டாப் போதும், 96க்கும் போகலாம். இன்றைய டெஸ்க்டாப் போர்டுகள் 192, சில 256 ஜிபி வரை ஏற்கும், ஆனால் நான்கு ஸ்லாட்டையும் நிரப்பினால் டிடிஆர்5 வேகம் இறங்கும். ரைசன் 7000, 9000 வரிசையில் ஏஎம்டி நான்கு குச்சிக்கு உறுதி தருவது 3600 வேகம் மட்டும். எனவே இரண்டு பெரிய குச்சியாகவே வாங்குங்கள்.

இன்டெலின் புதிய டெஸ்க்டாப் பிராசசர்களில் பெரிய கோர், சின்னக் கோர் என்று இரண்டு வகை இருக்கும். விஎம்களை ஓட்டும் மென்பொருள்களில் ப்ராக்ஸ்மாக்ஸ் அதில் ஓடும். விஎம்வேர் ஈஎஸ்எக்ஸ்ஐ இரண்டு வகைக் கோரைப் பார்த்ததும் ஊதாத் திரையில் நின்றுவிடும், ஒரு அமைப்பை மாற்றித்தான் ஓட்ட வேண்டும். எல்லாக் கோரும் சமமாக உள்ள ரைசன் இதற்கு நிம்மதி.

வீட்லயே ஏஐ மாடல் ஓட்டணும். எபிக் போட்டா கிராபிக்ஸ் கார்டு இல்லாமலே ஓடுமா?

ஓடும், வேகம்தான் கேள்வி. மொழி மாடல் ஒவ்வொரு சொல் துண்டை எழுதும்போதும் மாடல் முழுவதையும் ராமிலிருந்து ஒரு முறை படிக்க வேண்டும். 70 பில்லியன் எண்கள் கொண்ட மாடலை 4 பிட்டாகச் சுருக்கினால் ஏறக்குறைய 40 ஜிபி. இரண்டு சேனல் டிடிஆர்5-5600 டெஸ்க்டாப் வினாடிக்கு 89.6 ஜிபி படிக்கும், ஆக வினாடிக்கு இரண்டு துண்டு. 12 சேனல் டிடிஆர்5-4800 எபிக் 460.8 ஜிபி, ஆக உச்சமாக 11 துண்டு, நடைமுறையில் குறையும். முதல் பதிலில் சேனல் கணக்கு சொன்னேனே, அது உண்மையாகவே பலன் தரும் இடம் இது. 12 ஸ்லாட்டையும் நிரப்பினால்தான் இந்த வேகம், நாலு குச்சி போட்டு ஏமாறாதீர்கள்.

ஒப்பிட, ஆர்டிஎக்ஸ் 3090 கார்டில் 24 ஜிபி, வினாடிக்கு 936 ஜிபி. மாடல் 24 ஜிபிக்குள் அடங்கினால் டெஸ்க்டாப்பும் ஒரு கார்டும் எபிக்கைத் தூக்கிச் சாப்பிடும். இரண்டு கார்டு வரை டெஸ்க்டாப் போர்டில் சமாளிக்கலாம். நாலு கார்டு என்றால் லேன் போதாது, அங்கேதான் எபிக்கோ, ஏஎம்டியின் வொர்க்ஸ்டேஷன் பிராசசரான த்ரெட்ரிப்பரோ வேண்டும். த்ரெட்ரிப்பர் 7000 வரிசைக்கு ஆர்டிம் வகை ராம்தான் போகும், வீட்டில் இருக்கும் ராமை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

செகண்ட்ஹேண்ட் எபிக் தனியா கிடைச்சா வாங்கலாமா? புதுசு மாதிரியே இருக்கு.

வாங்கும் முன் ஒன்று கேளுங்கள்: எந்த பிராண்டு சர்வரிலிருந்து கழற்றியது? ஏஎம்டியில் பிளாட்ஃபார்ம் செக்யூர் பூட் என்று ஒரு பாதுகாப்பு இருக்கிறது. சில பிராண்டு சர்வர்களில் போட்டு ஆன் செய்ததும் பிராசசருக்குள்ளேயே ஒரு ஃபியூஸ் எரிந்து அந்த பிராண்டோடு பூட்டிக்கொள்ளும். அதன் பிறகு வேறு போர்டில் போட்டால் உயிரே வராது, திறக்க வழியும் கிடையாது. "அன்லாக்ட்" என்று பில்லில் எழுதி வாங்குங்கள், முடிந்தால் வேறு பிராண்டு போர்டில் ஓட்டிக்காட்டச் சொல்லுங்கள்.

இன்டெலில் பார்க்க வேண்டியது வேறு. மேல்மூடியில் மாடல் எண்ணுக்குப் பதில் "இன்டெல் கான்ஃபிடென்ஷியல்" என்று பொறித்திருந்தால் அது சோதனைக்குக் கொடுத்த மாதிரி. விற்பனைக்கு வந்ததே அல்ல. சில போர்டுகளில் ஓடாது, உத்தரவாதமும் கிடையாது. விலை ஏன் இவ்வளவு குறைவு என்ற கேள்விக்குப் பதில் அங்கேயே எழுதியிருக்கும்.

பெரிய பிராசசர் வாங்கிட்டா லைசன்ஸ் செலவு கூடுமாமே?

கூடும், இதைப் பலர் கடைசியில்தான் கவனிக்கிறார்கள். விண்டோஸ் சர்வர் கோர் கணக்கில் விற்கப்படுகிறது, ஒரு பெட்டிக்குக் குறைந்தது 16 கோர் லைசன்ஸ். 8 கோர் இருந்தாலும் 16க்குத்தான் காசு, 64 கோர் இருந்தால் 64க்கும் கட்ட வேண்டும். மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸான எஸ்க்யூஎல் சர்வரைக் கோர் கணக்கில் வாங்கினால் இன்னும் கடிக்கும். அதனால் டேட்டாபேஸ் வேலைக்குக் கோர் குறைவாகவும் வேகம் அதிகமாகவும் உள்ள சர்வர் பிராசசர்களை இரு நிறுவனமும் தனியாகவே விற்கின்றன. எபிக்கில் பெயரின் கடைசியில் எஃப் இருக்கும், 9174எஃப் போல, 16 கோர், 4.4 கிகாஹெர்ட்ஸ் வரை. (எஃப் என்ற எழுத்துக்கு எடிட்டிங் கேள்வியில் வேறு பொருள் சொன்னேன், அது இன்டெல் டெஸ்க்டாப்புக்கு. பெயர் வைப்பவர்களை என்ன செய்ய.)

கிளவுட்ல 8 விசிபியு எடுத்தேன், அதுவும் ஜியான்தான். என் வீட்டு 8 கோர் ரைசனைவிட ஏன் இவ்ளோ ஸ்லோ?

பெரும்பாலான இன்டெல் வகைக் கிளவுட் சர்வர்களில் ஒரு விசிபியு என்பது ஒரு த்ரெட், முழுக் கோர் இல்லை. ஒரு கோரில் இரண்டு த்ரெட், ஆக உங்கள் 8 விசிபியு உண்மையில் நாலு கோர். அந்த நாலும் சர்வர் வேகத்தில் ஓடுகின்றன, இரண்டாவது கேள்வியில் சொன்னது அப்படியே பொருந்தும். மலிவான திட்டம் என்றால் கோரையும் மற்றவர்களோடு பங்கு போட்டுக்கொள்கிறீர்கள். கம்பைல் செய்வது, டெஸ்ட் ஓட்டுவது மாதிரி வேலைகளை வீட்டு ரைசனில் முடித்துவிட்டு, எப்போதும் ஆன்லைனில் இருக்க வேண்டியதை மட்டும் கிளவுடில் வையுங்கள், பில்லும் குறையும்.

எல்லாம் சரி அண்ணா, நான் ஏற்கெனவே ஜியான் காம்போ வாங்கிட்டேன். இப்போ என்ன பண்றது?

விற்க முயல வேண்டாம், பாதி விலைகூடத் தேறாது. அதில் ப்ராக்ஸ்மாக்ஸோ, ஃபைல் சேமிப்புக்கான ட்ரூநாஸோ போட்டு பேக்கப் பெட்டியாக வைத்துக்கொள்ளுங்கள். காம்போவில் வந்த ராம் ஈசிசி வகையாக இருந்தால் இந்த வேலைக்கு ரொம்பவே பொருத்தம். தினமும் ஓட வேண்டாம், வாரம் ஒரு நாள் ஆன் செய்து பேக்கப் எடுத்து ஆஃப் செய்தால் ஈபி பில்லும் ஏறாது. போர்டில் இருக்கும் பயாஸ் கோப்பை இப்போதே ஒரு காப்பி எடுத்து வையுங்கள், அந்தப் போர்டுகளுக்குப் பிறகு தேடினால் கிடைக்காது. அப்புறம் பவர் சப்ளையைப் பாருங்கள், பெயர் இல்லாத லோக்கல் எஸ்எம்பிஎஸ் போட்டிருந்தால் முதலில் அதை மாற்றிவிடுங்கள், 120 வாட் பிராசசருக்கும் கார்டுக்கும் அது தாங்காது.